மெட்டல் லேத்தில் பில்லியர்ட்ஸ் கியூ: ஒரு டர்னரின் அனுபவம்

பில்லியர்ட்ஸ் கியூ (பந்தை அடிக்கும் கோல்) செய்வதற்காக மெட்டல் லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) வாங்கப்போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது ஸ்பிண்டில் துளையின், அதாவது வேலைப்பொருளைச் சுழற்றும் அச்சுத்தண்டின் நடுத்துளையின், விட்டத்தைத்தான். பெரும்பாலும் அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு ஆழம் சீவும் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். கியூ வேலையில் மரம் சீவுவது சிறு பங்குதான். அதையும் மெட்டல் லேத் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை. அந்த இயந்திரத்தின் அருமை தண்டின் முனைகளில்தான் தெரியும். இணைப்பு, ஃபெரூல் (தோல் முனைக்குக் கீழே மாட்டும் சிறு குழல்), தோல் முனை (பந்தைத் தொடும் தோல்) ஆகிய மூன்றையும் அச்சு பிசகாமல், முகம் சாயாமல் வெட்டித் தருவதில் அதற்கு ஈடு கிடையாது. இடையில் இருக்கும் முக்கால் மீட்டர் மரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இரும்பில் பழகிவிட்டு மரத்துக்கு வந்தவன் நான். எஃகுத் தண்டு நேற்று எந்த அளவில் கடைந்து வைத்தோமோ அந்த அளவிலேயே இன்றும் இருக்கும். மரத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. கைப்பழக்கத்தில் பாதி அப்படியே உதவுகிறது, மீதிப் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எது எந்தப் பாதியில் சேரும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அளவுகள். வழக்கமான கியூவின் நீளம் 58 அங்குலம், அதாவது 147 செ.மீ. நடுவில் இணைப்பு, ஒவ்வொரு பாதியும் 29 அங்குலம். முன்தண்டு தோல் முனையில் 12.75 அல்லது 13 மி.மீ. விட்டத்தில் தொடங்கி, இணைப்பில் 21.5 மி.மீ. அளவில் முடியும். பின்தண்டு அங்கிருந்து பருத்து, அடியில் 31, 32 மி.மீ. வரை போகும். எடை 510 முதல் 595 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்குப் பிடிக்கும். சர்வதேச விதிகள் இதைவிடத் தாராளமானவை: நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, தோல் முனை 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. விதியை மீறும் கியூவைத் தற்செயலாகச் செய்வது கடினம். விளையாடுபவர் திருப்பிக் கொடுக்கும் கியூவைச் செய்வது மிகவும் எளிது.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு லேத்தைப் பாருங்கள். மேசைமேல் வைக்கும் சிறிய லேத்துகள் பலவற்றில் ஸ்பிண்டில் துளை 20 மி.மீ.தான். முன்தண்டின் இணைப்பு முனை 21.5 மி.மீ. ஒன்றரை மி.மீ.யில் காரியம் கெட்டது. ஆனால் அதே லேத்தில் தோல் முனையையும் ஃபெரூலையும் மாற்றலாம். மெல்லிய முனையைப் பின்புறமிருந்து நுழைத்துச் சக்கின் (வேலைப்பொருளைக் கவ்வும் பிடிப்பானின்) வெளியே எடுத்தால் போதும், பருத்த முனை ஹெட்ஸ்டாக்குக்கு (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதிக்கு) பின்னால் நின்றுகொள்ளும். பழுது பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சிறிய லேத்தே போதும். பெரியதை வாங்கி இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டாம். முழுக் கியூ செய்ய வேண்டுமானால் 38 மி.மீ. துளையும் சென்டர்களுக்கு (வேலைப்பொருளை இரு முனைகளிலும் தாங்கும் கூர்முனைகளுக்கு) இடையே 36 அங்குல நீளமும் கொண்ட லேத்தைத் தேடுங்கள். பின்தண்டின் அடிப்பகுதிகூட அதில் தாராளமாக நுழையும்.

பழைய லேத் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். பெட் (லேத்தின் அடித்தளத் தண்டவாளம்) தேய்ந்திருப்பதை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கியூவில் லேத்தின் வெட்டுமுனை செய்யும் வேலையெல்லாம் சில சென்டிமீட்டர் நீளத்துக்குள் முடிந்துவிடும். ஸ்பிண்டில் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். டெயில்ஸ்டாக்கின் (எதிர் முனையில் இருக்கும் நகரும் தாங்கியின்) உயரம் ஹெட்ஸ்டாக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். துளை போடும்போது அதில் உள்ள வித்தியாசம் அப்படியே மரத்துக்குள் போய்விடும்.

அடுத்தது பிடிப்பு. பெரும்பாலானவர்கள் இடறி விழும் இடம் இதுதான். மூன்று தாடைச் சக்கில் மரத்தை நேராகப் பிடித்தால் தாடைத் தடம் பதியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறொன்று: கியூ சரிவான தண்டு. நேரான தாடைகள் அதை ஒரு விளிம்பில் மட்டுமே கவ்வும். அந்த ஒரு வளையத்தைச் சுற்றி, தண்டு தன் விருப்பத்துக்குச் சாய்ந்துகொள்ளும். சக் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. நான் டெல்ரின் பிளாஸ்டிக்கில் வளையங்கள் கடைந்து, உள்துளையைத் தண்டின் சரிவுக்கே போரிங் செய்து (உட்புறம் கடைந்து), ஒரு பக்கம் வெட்டிப் பிளவு விட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒன்று வேண்டும். இதைக் கடைந்து வைக்கும் வேலை சலிப்பூட்டும். ஆனால் பிறகு தண்டு முழு அகலத்திலும் பிடிபடும், மரத்தில் ஒரு கீறலும் விழாது.

ஒரே இடத்தில் பிடிப்பது போதாது. ஹெட்ஸ்டாக்கின் பின்புற முனையிலும் ஒரு தாங்கல் வேண்டும். பின்புறத்தில் இன்னொரு சிறிய சக் பொருத்துபவர்கள் உண்டு. நான் ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு வளையம் மாட்டி, நான்கு பக்கமும் பித்தளை முனை கொண்ட ஸ்க்ரூக்கள் வைத்திருக்கிறேன். சக்குக்கு ஒட்டி ஒரு முறை, அதிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு முறை டயல் இண்டிகேட்டரை (ஆட்டத்தை அளந்து காட்டும் முள் கருவியை) வைத்துப் பார்ப்பேன். சக்குப் பக்கத்து ஆட்டத்தைச் சக்கிலும், தள்ளி இருக்கும் ஆட்டத்தைப் பின்புற ஸ்க்ரூக்களிலும் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் மாறும். மாற்றி மாற்றித் திருகி இரண்டும் 0.02 மி.மீ.க்குள் வந்த பிறகுதான் வெட்டுமுனையை அருகில் கொண்டுபோவேன். இண்டிகேட்டரின் கூர்முனை மர நாரில் தடுக்கி ஆடும். அகலமான தட்டை முனை மாட்டுவது நல்லது.

பின்புறத் தாங்கலுக்குப் பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. நீளமான கம்பியைத் தாங்கலின்றிப் பின்னால் நீட்டிவிட்டு வேகமாகச் சுற்றினால் அது வளைந்து சாட்டையாகச் சுழற்றி அடிக்கும் என்பது டர்னர்களுக்குத் தெரியும். மரத்தண்டும் அதையே செய்யும். அது எடை குறைந்தது என்ற தைரியத்தில் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

இனி நடுப்பகுதிக்கு வருவோம். முன்தண்டின் நீளம் அதன் முனை விட்டத்தைப் போல 50 மடங்குக்கு மேல். இரும்பில் இந்த விகிதத்தில் ஒரு வேலை வந்தால் ஸ்டெடி ரெஸ்ட் (நடுவில் தாங்கும் சட்டம்) இல்லாமல் தொடவே மாட்டோம். சாதாரண வெட்டுமுனையை வைத்து அழுத்தினால் தண்டு நடுவில் விலகிக்கொடுக்கும்; நடுப்பகுதி பருமனாக மிஞ்சும், மேற்பரப்பில் நடுக்கக் கோடுகள் விழும். வேகமும் போதாது. 13 மி.மீ. தண்டை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓட்டினாலும் மேற்பரப்பு வேகம் நிமிடத்துக்கு 82 மீட்டர்தான். எஃகுக்கு அது நல்ல வேகம். மரத்துக்கு மிகவும் மந்தம், நார் அறுபடாமல் பிய்யும். வேகத்தைக் கூட்டலாம் என்றால் தண்டு அதிரத் தொடங்குகிறது.

இதற்கு வழி, மரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு வெட்டும் கருவியை வேகமாகச் சுழற்றுவது. தச்சர்கள் விளிம்பு இழைக்கப் பயன்படுத்தும் சிறிய ரூட்டரை டூல் போஸ்ட் (வெட்டுமுனையைப் பிடிக்கும் பகுதி) இருக்கும் இடத்தில் ஒரு தாங்கியில் பொருத்த வேண்டும். 30 மி.மீ. விட்டமுள்ள வெட்டுத்தகடு நிமிடத்துக்கு 25,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,350 மீட்டர் வேகத்தில் போகும். மரம் 200 சுற்றில் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். வெட்டும் விசை மிகக் குறைவு என்பதால் தண்டு விலகுவதில்லை. ரூட்டரை நீளவாட்டில் நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் மெதுவான ஓட்டத்தில் விட்டால் உப்புத்தாள் போடும் வேலையே பாதி குறைந்துவிடும்.

சரிவை எப்படிக் கொண்டுவருவது? டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்துவது பழைய முறை. 13 மி.மீ.யிலிருந்து 21.5 மி.மீ.க்கு வர வேண்டுமானால் விட்ட வித்தியாசத்தில் பாதி, அதாவது 4.25 மி.மீ. நகர்த்தினால் கணக்கு முடிந்தது. அப்படி நகர்த்தும்போது கூம்பு சென்டர் மரத்துளையை ஒருபக்கமாகத் தேய்க்கும். உருண்டை முனை சென்டர் போடுங்கள். ஆனால் இந்த முறையில் கிடைப்பது முழு நீளத்துக்கும் ஒரே சீரான சரிவு. இன்று விளையாடுபவர்களில் பலர் விரும்புவது வேறு வடிவம்: தோல் முனையிலிருந்து 25 முதல் 35 செ.மீ. வரை தண்டு ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும், அதன் பிறகுதான் விரிய வேண்டும். விரல் வளையத்துக்குள் தண்டு முன்னும் பின்னும் போகும்போது பருமன் மாறாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியம். அதற்கு பெட்டின் பின்புறம் ஒரு அலுமினியச் சட்டம் வைத்து, கிராஸ் ஸ்லைடின் (வெட்டும் கருவியைக் குறுக்கே நகர்த்தும் பகுதியின்) திருகைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் மேல் உருளும் ஒரு சிறு பேரிங் அதை நகர்த்தும்படி அமைத்துக்கொண்டேன். சட்டத்தில் 5 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகினால் அந்த இடத்தில் தண்டின் பருமன் மாறும். ஒருவர் கொடுத்த கியூவை அளந்து, அதே வடிவத்தைச் சட்டத்தில் ஏற்றிவிட முடிகிறது.

லைவ் சென்டரை (தண்டோடு சேர்ந்து சுழலும் சென்டரை) இறுக்குவதில் இரும்புப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். மெல்லிய முனையில் டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினாலே தண்டு வில்லாக வளையும். வளைந்த நிலையில் அழகாக உருண்டையாக வெட்டப்பட்டு, கழற்றியதும் தன் இயல்புக்குத் திரும்பிக் கோணலாக நிற்கும். சென்டர் சுழலும் அளவுக்குத் தொட்டால் போதும்.

இப்போது மரம். முன்தண்டுக்குப் பெரும்பாலும் ஹார்டு மேப்பிள்தான். தேர்வில் நான் பார்ப்பது நாரோட்டம் ஒன்றையே. முனையிலிருந்து முனைவரை நார் நீளவாட்டில் ஓட வேண்டும். இடையில் பக்கவாட்டாக வெளியேறினால் அந்தத் தண்டு எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் வேண்டாம். மேப்பிளின் நிறத்துக்கு மயங்குபவர்கள் கோட்டம் விழுந்த பிறகு வருந்துகிறார்கள். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும் கட்டையாக வாங்கி, முனைகளில் மெழுகு பூசி, வேலை செய்யும் அறையிலேயே செங்குத்தாகத் தொங்கவிடுகிறேன். படுக்கவைத்தால் தன் எடையிலேயே தொய்யும், காற்றும் ஒருபக்கம் மட்டும் படும்.

கட்டைக்குள் இழுவிசைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. வெளிப்புறத்தை நீக்கியதும் அவை விடுபட்டு மரம் நகரும். இதைத் தடுக்க முடியாது. நகர்வதற்கு நேரம் கொடுத்து, நகர்ந்ததைச் சீவி எடுக்கத்தான் முடியும். 25 மி.மீ. உருளையாக்கியதும் சில வாரங்கள் தொங்கும். பிறகு இறுதி அளவைவிட 3 மி.மீ. கூடுதலாக விட்டுச் சரிவு வெட்டுவேன், மீண்டும் தொங்கவிடுவேன். அடுத்தது 1.5, பிறகு 0.7, கடைசியாக 0.3. ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். சென்டர்களுக்கு இடையே சுழலும்போது நடுப்பகுதி எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பென்சிலால் தண்டின் மேலேயே எழுதி வைக்கிறேன். முதல் ஓய்வில் ஆடுவது சாதாரணம். மூன்றாவது ஓய்வுக்குப் பிறகும் ஆடுகிற தண்டை நான் ஒதுக்கிவிடுகிறேன். இறுதி வெட்டில் நேராக்கிவிடலாம்தான். விளையாடுபவர் கையில் மூன்று மாதம் இருந்த பிறகு அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். ஒதுக்கியவை வீணாவதில்லை. ஃபெரூல் பொருத்தவும் மரை வெட்டவும் பழகுவதற்கு அதைவிட நல்ல பொருள் வேறு எது?

அவசரமாகக் கேட்பவர்களுக்குக் கியூ செய்து தருவதில்லை என்பது இதனால் வந்த பழக்கம். சிலருக்கு அதில் கோபம். உலர்ந்து தயாரான தண்டுகள் கையிருப்பில் இருந்தால் பின்தண்டு வேலையை விரைவாக முடிக்கலாம், ஆகவே முன்தண்டுகளை எப்போதும் கும்பலாகவே தொடங்குவேன்.

இணைப்புக்கு வருகிறேன். லேத்தின் விலை முழுவதையும் நியாயப்படுத்தும் இடம் இது. ஒரு கணக்கைப் பாருங்கள். இணைப்பு முகத்தின் விட்டம் 21 மி.மீ. அந்த முகம் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு வெறும் 0.02 மி.மீ. சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்தண்டின் நீளம் 737 மி.மீ. அந்தச் சாய்வு தோல் முனைக்குப் போய்ச் சேரும்போது 0.7 மி.மீ. ஆகிறது. கியூவை உருட்டினால் முனை 1.4 மி.மீ. அகலத்துக்கு வட்டம் போடும். இரு பாதிகளும் தனித்தனியே அம்பு போல நேராக இருந்தும், சேர்த்தால் கோணலாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். மாறாக, இரு பாதிகளையும் சேர்க்கும் இணைப்புத் திருகு 0.05 மி.மீ. மையம் விலகியிருந்தால் இணைப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு சிறு படி இருக்கும், அவ்வளவே. படியைப் பிறகு சேர்த்துக் கடைந்து சமன்செய்துவிடலாம். சாய்வை அப்படிச் செய்ய முடியாது.

வரிசை முக்கியம். முதலில் சிறிய துளை. டிரில் மரத்தில் நேராகப் போகாது. மென்மையான நார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒதுங்கும். ஆகவே டிரில்லைத் தேவையான அளவுக்குச் சிறியதாக வைத்து, மிச்சத்தைப் போரிங் பாரால் எடுக்க வேண்டும். போரிங் பார் பழைய துளையைப் பின்பற்றாது, ஸ்பிண்டிலின் அச்சையே பின்பற்றும். பிறகு டேப்பை (மரை வெட்டும் கருவியை) டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கி, மோட்டாரை இயக்காமல் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி மரை வெட்டுகிறேன். பலரும் பயன்படுத்தும் 3/8-10 திருகின் (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்குப் பத்து மரை) மரைகள் 2.54 மி.மீ. இடைவெளியில் வரும், முரட்டு மரை என்பதால் மரத்தில் நன்றாகப் பிடிக்கும். மரை வெட்டிய துளையில் மெல்லிய சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ வகை) பசையைச் சில சொட்டுகள் விட்டு, ஊறிக் கெட்டியானதும் மறுபடியும் அதே டேப்பை ஓட்டினால் நார் பிசிறு இல்லாத மரை கிடைக்கும். துளையின் வாயில் முதல் 3 மி.மீ. ஆழத்துக்கு மரையே இல்லாமல் அகலப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் திருகை இறுக்கும்போது முதல் மரை மரத்தைத் தூக்கி, கஷ்டப்பட்டு வெட்டிய முகத்தில் ஒரு புடைப்பை உண்டாக்கும்.

திருகை எபாக்ஸியில் ஒட்டும்போது அதன் நீளத்தில் ஒரு சிறு பள்ளம் அராவ வேண்டும். அடியில் அடைபடும் காற்றும் பசையும் வெளியேற வேறு வழி இல்லை. வழி இல்லாவிட்டால் திருகு மெதுவாகப் பின்னோக்கி வரும், அல்லது மரம் வெடிக்கும். மெதுவாக உறையும் எபாக்ஸியே நல்லது. ஐந்து நிமிடத்தில் உறைவது எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

எபாக்ஸி முழுவதும் இறுகிய பிறகு, திருகின் மேல் இண்டிகேட்டர் வைத்து ஓட்டம் (அச்சு விலகி ஆடுகிறதா என்று) பார்த்து, அதன் பிறகே முகத்தை வெட்ட வேண்டும். முகத்தை முன்பே வெட்டிவிட்டுத் திருகை ஒட்டினால் இரண்டும் ஒரே அச்சில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளி விளிம்பிலிருந்து திருகை நோக்கி மெல்லிய வெட்டு. திருகின் அருகே ஒரு முடி அளவு கூடுதல் ஆழம். அப்போது இரண்டு முகங்களும் வெளி வட்டத்தில் முழுமையாக உட்காரும். வெட்டுமுனை ஹைஸ்பீடு ஸ்டீலாக, முகச்சவரம் செய்யும் அளவுக்குத் தீட்டியதாக இருக்கட்டும். எஃகுக்கான கார்பைடு இன்சர்ட்டுகளின் (மாற்றக்கூடிய கடின வெட்டுத்துண்டுகளின்) விளிம்பு மழுங்கலாகவே வரும், மரத்தைக் கசக்கும். அலுமினியம் கடைவதற்கென்று பளபளப்பாகத் தீட்டி வரும் இன்சர்ட்டுகள் விதிவிலக்கு. மரத்துக்கும் பினாலிக் (ஒருவகைக் கெட்டிப் பிசின்) பொருள்களுக்கும் அவை அருமையாக வேலை செய்கின்றன.

எஃகு இணைப்பா, மரத்தோடு மரம் சேரும் இணைப்பா, எதில் அடி நன்றாகக் கேட்கிறது என்ற சண்டைக்குள் நான் போவதில்லை. எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், டைட்டானியம் 4.5, கண்ணாடி இழையில் செய்த ஜி-10 ஏறக்குறைய 1.8. அதே அளவுள்ள திருகை எஃகிலிருந்து ஜி-10க்கு மாற்றினால் கியூவின் சமநிலைப் புள்ளி பின்னால் நகர்வது கையில் தெரியும். முன்பாரமாக வேண்டுமா, பின்பாரமாக வேண்டுமா என்பதைத் திருகு வாங்குவதற்கு முன்பே விளையாடுபவரிடம் கேட்டுவிடுங்கள். பின்னால் அடியில் எடை போல்ட் வைத்துச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அது மொத்த எடையையும் கூட்டும்.

பின்தண்டின் மற்ற வேலைகளை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. கைப்பிடிப் பகுதியும் முன்பகுதியும் தனித்தனி மரங்களானால் அவற்றுக்குள் இருக்கும் போல்ட்டும் பசையும் முழுமையாக நிறைந்திருக்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரீங்காரம் கேட்கும். லினன் நூல் சுற்றுவதற்கு லேத்தை மிகக் குறைந்த வேகத்தில், கால் சுவிட்சில் ஓட்டுங்கள். நூலை விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. உப்புத்தாளையும் தண்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டாம். தண்டு அதைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கையுறை, தொங்கும் சட்டைக்கை பற்றி டர்னர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபெரூல் வேலை பார்க்கச் சின்னது, கவனம் நிறைய கேட்கும். முன்தண்டின் முனையில் 8 மி.மீ. விட்டத்துக்கு ஒரு கழுத்து வெட்டி, அதன்மேல் ஃபெரூலைச் செருகி ஒட்ட வேண்டும். வெளி விட்டம் 13 மி.மீ. என்றால் சுவரின் தடிமன் 2.5 மி.மீ. இருக்கும். கழுத்துக்கும் துளைக்கும் இடையே பசைக்காக 0.05 மி.மீ. இடம் விடுங்கள். மிகவும் இறுக்கமாகச் செருகினால் பசையெல்லாம் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. கழுத்தின் அடியில் இருக்கும் தோள் சதுரமாக இல்லாவிட்டால் மரமும் ஃபெரூலும் சேரும் இடத்தில் பசைக்கோடு ஒருபக்கம் தடித்துத் தெரியும். ஃபெரூலை மரத்தின் அளவுக்குக் கடையும்போது மரத்தின்மேல் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டிக்கொள்கிறேன். நாடாவை வெட்டுமுனை தொட்ட கணத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை உப்புத்தாளில் முடிக்கலாம்.

எந்தப் பொருளில் ஃபெரூல்? பழைய கியூக்களில் தந்தம் இருக்கும். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1989இல் முடிவெடுத்துத் தடை போட்டது. பழைய கியூவை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுபவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது தந்தத்துக்குப் பதிலாக ஜூமா போன்ற செயற்கைப் பொருள்களும், லினன் துணி அடுக்கிய பினாலிக், மெலமைன் வகைகளும் இருக்கின்றன. எதுவானாலும் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். பந்தின் மையத்துக்குப் பக்கத்தில் தள்ளி அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறியிலிருந்து விலகிப்போகும் அளவை, கியூவின் முனைப் பகுதியில் இருக்கும் எடைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. முனை எடை குறைந்தால் விலகலும் குறையும். பின்தண்டில் எத்தனை வேலைப்பாடு செய்தாலும் இந்த விஷயத்தில் அது கைகொடுக்காது.

தோல் முனையை ஒட்டுவதற்கு முன் ஃபெரூலின் முகத்தை லேத்தில் வெட்டுங்கள், தோலின் அடியைத் தட்டையான பரப்பில் வைத்த உப்புத்தாளில் தேயுங்கள். கெட்டியான சயனோஅக்ரிலேட் போட்டு டெயில்ஸ்டாக்கால் மெதுவாக அழுத்திப் பிடிக்கலாம். பக்கவாட்டைச் சீவும்போது சூடு ஏறவிடாதீர்கள். அடுக்குத் தோலாக இருந்தால் சூட்டில் அடுக்கு பிரியும், பசையும் இளகும். மேல் வளைவுக்கு அமெரிக்க நாணயங்களை அளவாகச் சொல்வது இந்தத் தொழிலின் மரபு: ஐந்து சென்ட் நாணயத்தின் ஆரம் 10.6 மி.மீ., பத்து சென்ட்டின் ஆரம் 9 மி.மீ. இரண்டாவது வளைவு கூடுதல் உருண்டையானது, சுழல் கொடுத்து அடிப்பவர்களுக்கு ஏற்றது.

லேத்தைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுங்கள். மரத்தூள் பெட்டில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக் களிம்பாகும். ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவும் கொண்டுவரும். உப்புத்தாளிலிருந்து உதிரும் துகள்கள் அந்தக் களிம்பில் சேர்ந்தால் பெட்டை நாமே தேய்த்துக்கொண்டிருப்போம். மர வேலை நடக்கும் நாள்களில் பெட்டை எண்ணெயில்லாமல் துடைத்து, மெழுகு பூசி, மேலே ஒரு விரிப்பும் போட்டுவிடுகிறேன். தூசி உறிஞ்சும் குழாய் ரூட்டருக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஸ்பிண்டில் துளையின் உட்புறத்தையும் துடைக்க மறக்க வேண்டாம்: அங்கே தேங்கிய கருப்பு எண்ணெய் மேப்பிளில் பட்டால் நாருக்குள் இறங்கிவிடும், எந்த உப்புத்தாளாலும் அதை எடுக்க முடியாது.

தூசி நுரையீரலுக்கும் ஆகாது. கொக்கோபோலோ போன்ற மரங்களின் தூள் சிலருக்குத் தோல் தடிப்பும் மூச்சுத் தொல்லையும் கொண்டுவரும். முதல் சில முறை ஒன்றும் ஆகாமல், உடல் அதற்குக் கூருணர்வு பெற்ற பிறகு தொடங்கும் தொல்லை அது. நல்ல முகமூடி இல்லாமல் அந்த மரத்தைக் கடையாதீர்கள். அது சேர்ந்த டல்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது, வாங்கும்போது காகிதங்களைக் கேளுங்கள். கார்பன் இழை முன்தண்டை வெட்டும் வேலை வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் தூள் மின்சாரம் கடத்தும், மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் உள்ளே போனால் கெடுத்துவிடும்.

வார்னிஷை லேத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து. பூச்சு வழியாமல் இருக்கத் தண்டு மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய கியர் மோட்டார் போதும். சொட்டும் பூச்சுக்கு அடியில் வழவழப்பாகத் தேய்த்த பெட்டை வைத்துக்கொண்டு யார் நிம்மதியாகத் தூங்குவது?

முடித்த கியூவைப் பலரும் சேர்த்துவைத்து மேசையில் உருட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தவறு எந்தப் பாதியில் என்று அதில் தெரியாது. முதலில் முன்தண்டைத் தனியாக உருட்டி, அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பின்தண்டு. இரண்டும் நேராக இருந்து, சேர்த்தபோது மட்டும் முனை துள்ளினால் குற்றம் இணைப்பு முகத்தில்தான். எந்த முகம் என்று தெரிந்துகொள்ள, நேரானது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு முன்தண்டை அதே பின்தண்டில் மாட்டிப் பாருங்கள். துள்ளல் தொடர்ந்தால் பின்தண்டின் முகம், நின்றால் முன்தண்டின் முகம். அதை மீண்டும் சக்கில் ஏற்றி, இரண்டு இடத்திலும் ஓட்டம் பார்த்து, 0.05 மி.மீ. மட்டும் எடுத்து மறுபடி மாட்டிப் பார்க்கலாம். வார்னிஷ் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டு, ஒரு மாதம் தொங்கவிட்டு இன்னொரு முறையும் உருட்டிப் பார்த்த பிறகுதான் நான் பூச்சு வேலையைத் தொடங்குகிறேன்.